ஆய்விதழுக்கு மார்க் போடுவது எப்படி?



இது நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல "சார், சுருக்கமா சொல்லுங்க" என்பவர்களுக்கு ஒரு வரி: ஓர் ஆய்விதழ் நல்லதா கெட்டதா என்பதை ஒற்றை எண்ணை வைத்து முடிவு செய்வது எந்தத் துறையிலும் சரியில்லை, சட்ட உளவியலில் அது ஆபத்து. ஏன் என்று தெரிய வேண்டுமானால் முழுதாகத்தான் படிக்க வேண்டும்.

என் தங்கை மகள் சட்ட உளவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருப்பது உறவினர்களுக்குத் தெரியும். அவள் படிக்கும் கட்டுரைகளில் புள்ளியியல் வருகிற இடமெல்லாம் எனக்குத்தான் வந்து சேரும். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு வேறென்ன வேலை? அப்படி மூன்று வருடமாகப் படித்ததில் எனக்கே இந்தத் துறையில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. சாட்சியின் ஞாபகம் எந்த அளவுக்கு நம்பத்தக்கது, செய்யாத குற்றத்தை ஒருவர் ஏன் ஒப்புக்கொள்கிறார், குழந்தையிடம் எப்படிக் கேள்வி கேட்டால் உண்மை வரும், நீதிபதி எதையெல்லாம் வைத்து முடிவெடுக்கிறார், இவைதான் அந்தத் துறையின் கேள்விகள். நம் பாட்டிமார் கண்ணால் காண்பதும் பொய் என்று சொல்லிவிட்டுப் போனதை இவர்கள் சோதனைக்கூடத்தில் வைத்து அளக்கிறார்கள்.

ஆனால் கட்டுரையை எந்த இதழுக்கு அனுப்பலாம் என்ற பேச்சு வந்தால் போதும், எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு?" தமிழில் தாக்கக் காரணி என்கிறார்கள். நம் மாணவர்களில் கல்லூரி வேலையில் இருப்பவர்கள் பதவி உயர்வுப் படிவத்தில் இதை நிரப்பியிருப்பீர்கள்.

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். யூஜின் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர் 1955இல், எந்தக் கட்டுரையை எந்தக் கட்டுரை மேற்கோள் காட்டுகிறது என்று ஒரு பெரிய அட்டவணை போடலாம் என்றார். அதிலிருந்து கிளைத்ததுதான் இந்த எண். நூலகத்துக்கு எந்த இதழுக்குச் சந்தா கட்டுவது என்று முடிவு செய்ய நூலகர்களுக்கு நன்றாகப் பயன்பட்டது. ஒரு மனிதரின் ஆய்வை எடை போட அது செய்யப்படவில்லை.

கணக்கு எளிது. ஓர் இதழ் 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து 100 கட்டுரைகள் வெளியிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை 2024இல் வந்த மற்றக் கட்டுரைகள் 250 தடவை மேற்கோள் காட்டின. 250ஐ 100ஆல் வகுத்தால் 2.5. அவ்வளவுதான்.

இப்போது என் வகுப்புக்கு வாருங்கள். 40 பேர். 5 பேர் நூற்றுக்கு நூறு. மீதி 35 பேரும் 30 மார்க். சராசரி 38.75. சராசரியைப் பார்த்தால் வகுப்பே பாஸ். நிஜத்தில் 35 பேர் ஃபெயில். 38 மார்க் வாங்கிய பிள்ளை அந்த வகுப்பில் ஒருவர்கூட இல்லை. ஆய்விதழ்களிலும் இதே கதைதான்: நாலைந்து கட்டுரைகளே மேற்கோள்களில் பெரும்பங்கை அள்ளிக்கொள்ளும், மற்றவை அவற்றின் நிழலில் நிற்கும். சராசரி என்பது எப்போது ஏமாற்றும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தோம். பேராசிரியர் ஆனதும் மறந்துவிடுகிறார்கள்.

சட்ட உளவியலுக்கு இதில் இன்னும் இரண்டு சங்கடங்கள். ஒன்று, இரண்டு ஆண்டு எல்லை. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் வெளியிட்ட கார் மோதல் சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாணவர்களுக்கு விபத்துப் படம் காட்டிவிட்டு, கார்கள் எவ்வளவு வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் "மோதி நொறுங்கியபோது" என்ற சொல் இருந்தால் சராசரி பதில் மணிக்கு 40 மைலுக்கு மேல். "தொட்டபோது" என்றிருந்தால் 31.8. ஒரே படம், ஒரே ஒரு சொல்தான் வேறு. ஐம்பது வருடம் கழித்தும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அந்த மேற்கோள்களில் 1976க்குப் பிறகு வந்தது எதுவும் இந்தக் கணக்கில் சேராது. இன்னொன்று, இந்தத் துறையின் உண்மையான வாசகர்கள் நீதிபதிகள், வழக்கறிஞர்கள், காவல்துறையினர். ஒரு தீர்ப்பில் ஒரு கட்டுரையை ஆதாரமாக எடுத்தால், அது ஆயிரம் மேற்கோளுக்குச் சமம். இம்பாக்ட் ஃபேக்டரில் அதன் மதிப்பு பூஜ்யம்.

இன்னும் ஒரு விசித்திரம். "இந்தக் கட்டுரை தப்பு" என்று எழுதுபவரும் அதை மேற்கோள் காட்டித்தானே எழுத வேண்டும்? திட்டினாலும் எண் ஏறும்!

இதற்கு ஒரு நல்ல உதாரணம் பசித்த நீதிபதிகள் கதை. வாட்ஸ்அப்பில் வந்து, உங்களில் பலர் எனக்கே அனுப்பியிருக்கிறீர்கள். "சாப்பாட்டுக்கு முன்னால் நீதிபதி முன் போய் நிற்காதே" என்று.

அதன் மூலம் 2011இல் பிஎன்ஏஎஸ் என்ற மிகப் பெரிய அமெரிக்க அறிவியல் இதழில் வந்த கட்டுரை. ஷாய் டான்சிகரும் இரண்டு சகாக்களும் எழுதியது. இஸ்ரேலில் கைதிகளை முன்கூட்டியே விடுவிப்பதா என்று முடிவு செய்யும் 8 நீதிபதிகளின் 1,112 தீர்மானங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். அமர்வு தொடங்கும்போது கைதிக்குச் சாதகமான தீர்மானங்கள் சுமார் 65 சதவீதம். நேரம் போகப் போகக் குறைந்து, இடைவேளைக்கு முன்னால் கிட்டத்தட்டப் பூஜ்யம். நீதிபதிகள் சாப்பிட்டுவிட்டு வந்ததும் மறுபடி 65 சதவீதம். வரைபடம் போட்டால் ரம்பப் பல் மாதிரி இருக்கும். நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன் தன் புகழ்பெற்ற புத்தகத்தில் இதைச் சேர்த்தார். அப்புறம் கேட்கவா வேண்டும், உலகமெல்லாம் பரவிவிட்டது.

கணக்குத் தெரிந்தவனுக்கு அந்த வரைபடத்தைப் பார்த்தவுடன் ஒரு சந்தேகம் வரும். பசி என்ற ஒன்று 65ஐப் பூஜ்யமாக்குமா? அப்படியானால் மதியம் பன்னிரண்டரைக்கு உலகத்தில் எந்த அலுவலகமும் ஓடாதே!

அதே ஆண்டு, அதே இதழில், கெரன் வைன்ஷால்-மார்கல், ஜான் ஷாபர்ட் என்ற இருவர் ஒரு கடிதம் எழுதினார்கள். வழக்குகள் வரும் வரிசை குலுக்கல் முறையில் அமைவதல்ல என்றார்கள். ஒரு சிறையின் வழக்குகளை முடித்துவிட்டுத்தான் இடைவேளை விடப் பார்ப்பார்கள். வழக்கறிஞர் இல்லாத கைதிகள் பெரும்பாலும் அந்த வரிசையின் கடைசியில் வருவார்கள். வழக்கறிஞர் இல்லாதவருக்கு எந்த நேரத்திலும் விடுதலை கிடைப்பது கடினம். அப்படியென்றால் கடைசியில் எண்ணிக்கை குறைவதற்குப் பசிதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? முதல் ஆசிரியர்கள் பதில் எழுதி, தங்கள் முடிவில் மாற்றமில்லை என்றார்கள். 2016இல் ஆண்ட்ரியாஸ் குளோக்னர் என்ற ஆய்வாளர் கணினியில் போலி வழக்குகளை ஓடவிட்டுப் பார்த்தார். சாதகமான தீர்மானத்துக்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும். நீளமான வழக்கை இடைவேளைக்குச் சற்று முன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள், வங்கியில் மதிய உணவு நேரம் நெருங்கினால் பெரிய வேலையைத் தொடாத மாதிரி. நீதிபதிக்குப் பசியே இல்லாவிட்டாலும் இந்த ஒன்றாலேயே வரைபடம் கடைசியில் சரியும், ஆகவே அந்தப் பாதிப்பை அளவுக்கு மீறிப் பெரிதாகக் காட்டிவிட்டார்கள் என்பது அவர் முடிவு.

குளோக்னரின் கட்டுரை வந்தது 'ஜட்ஜ்மென்ட் அண்ட் டிசிஷன் மேக்கிங்' என்ற இதழில். 2006இல் தொடங்கியது. எழுதுபவரிடமும் காசு வாங்காமல் படிப்பவரிடமும் காசு வாங்காமல் ஆய்வாளர்களே நடத்திவந்தார்கள். எண்ணை மட்டும் பார்த்தால் பிஎன்ஏஎஸ்ஸின் பக்கத்தில் வைத்துப் பேச முடியாது. ஆனால் இந்த விஷயத்தில் நான் படிக்கச் சொல்வது சின்ன இதழில் வந்த கட்டுரையைத்தான். அதே சமயம் பெரிய இதழுக்கும் ஒரு மார்க் போட வேண்டும்: தான் வெளியிட்டதை மறுக்கும் கடிதத்தைச் சில மாதங்களில் அச்சிட்டது. தப்பே வராத இதழ் என்று ஒன்று கிடையாது. தப்பைச் சுட்டிக்காட்டினால் அச்சிடுகிறதா, மூடி மறைக்கிறதா என்பதில்தான் நான் தரத்தைப் பார்ப்பேன்.

முதல் தரமான இதழ்கள் என்று பேர் வாங்கியவற்றுக்கும் இது பொருந்தும். 2015இல் ஒரு பெரிய ஆய்வாளர் குழு, உளவியலின் மூன்று முன்னணி இதழ்களில் வந்த 100 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தது. மூலக் கட்டுரைகளில் 97 சதவீதம் "முடிவு உறுதி" என்று சொன்னவை. திரும்பச் செய்தபோது அப்படி வந்தது 36 சதவீதம். உளவியல் பித்தலாட்டம் என்று இதற்கு அர்த்தமில்லை. சின்ன எண்ணிக்கையில் ஆட்களை வைத்துச் செய்வது, சாதகமாக வந்ததை மட்டும் வெளியிடுவது, இதெல்லாம் பழக்கமாகிவிட்டதன் பலன். இன்று பல இதழ்கள், ஆய்வைத் தொடங்கும் முன்பே திட்டத்தை வாங்கிப் பரிசீலித்து, முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுகிறோம் என்று ஒப்புக்கொள்கின்றன. தரவை எல்லாரும் பார்க்கும்படி வைக்கச் சொல்கின்றன. ஓர் இதழில் இந்த இரண்டும் உண்டா என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

"சரி சார், இதெல்லாம் ஆராய்ச்சிக்காரர்கள் சண்டை, நமக்கென்ன" என்று கேட்பீர்கள். இந்தத் துறையில் ஒரு கட்டுரை தப்பாகப் போனால் ஒரு மனிதர் சிறைக்குப் போகலாம். அதுதான் வித்தியாசம்.

1984இல் அமெரிக்காவில் வட கரோலினாவில் ஒரு பெண் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அடையாள அணிவகுப்பில் ரொனால்டு காட்டன் என்பவரைக் காட்டினார். நீதிமன்றத்தில் உறுதியாகவே சொன்னார், பொய் சொல்லவில்லை. பத்து வருடத்துக்கு மேல் காட்டன் சிறையில் இருந்தார். 1995இல் டிஎன்ஏ பரிசோதனை, அவர் இல்லை, வேறொருவர் என்று காட்டியது. இப்படி டிஎன்ஏ மூலம் விடுவிக்கப்பட்டவர்களின் வழக்குகளில் பெரும்பாலானவற்றில் சாட்சி ஆளை மாற்றி அடையாளம் காட்டியிருக்கிறார்.

இந்த விஷயத்தில் ஓர் இதழ் செய்த வேலையைச் சொல்லியாக வேண்டும். 'லா அண்ட் ஹியூமன் பிஹேவியர்', 1977இல் தொடங்கியது, அமெரிக்க உளவியல்-சட்டச் சங்கத்தின் இதழ். 1998இல் கேரி வெல்ஸும் சகாக்களும் அதில் சில எளிய விதிகளை முன்வைத்தார்கள். அணிவகுப்பை நடத்தும் அதிகாரிக்கே சந்தேக நபர் யார் என்று தெரியக்கூடாது. குற்றவாளி வரிசையில் இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சியிடம் சொல்ல வேண்டும். வரிசையில் சந்தேக நபர் மட்டும் தனித்துத் தெரியக்கூடாது. சாட்சி எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்பதை அந்த நிமிடமே பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் நாளாக ஆக உறுதி தானாக வளரும். எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு நடந்தது. 2020இல் அதே இதழில் அதே வெல்ஸ் முதல் ஆசிரியராக நின்று, இடையில் வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பரிந்துரைகளைத் திருத்தி விரிவாக்கி வெளியிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த இதழ். இம்பாக்ட் ஃபேக்டர்? ஒற்றை இலக்கம், அதிலும் கீழ்ப்படிகள். மருத்துவ இதழ்களோடு ஒப்பிட்டால் சிரிப்பார்கள்.

அமெரிக்காவில் 1993இல் டௌபர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், அறிவியல் சாட்சியத்தை ஏற்கும் முன் நீதிபதி என்னென்ன பார்க்கலாம் என்று சொன்னது. சோதித்துப் பார்த்திருக்கிறார்களா, சக ஆய்வாளர்கள் பரிசீலித்து வெளியானதா, பிழை வீதம் என்ன, துறையில் ஏற்கிறார்களா. அதே தீர்ப்பில், வெளியாகிவிட்டது என்பதாலேயே நம்பத்தக்கது ஆகிவிடாது என்றும் சொன்னார்கள். நீதிபதிகளுக்குப் புரிந்தது நம் தேர்வுக் குழுக்களுக்கு இன்னும் புரியவில்லை.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தது. 2008இல் புனேயில் ஒரு கொலை வழக்கில், மூளை அலைகளைப் பதிவு செய்து "இவருக்குக் குற்றத்தின் அனுபவ ஞாபகம் இருக்கிறது" என்று சொன்ன பரிசோதனையையும் சான்றாக எடுத்துக்கொண்டு தண்டனை கொடுத்தார்கள். எந்த நல்ல இதழில் இந்த முறை வெளியானது, வெளியார் யார் சோதித்தார்கள் என்று உலகத்து நரம்பியல் ஆய்வாளர்கள் கேட்டார்கள். திருப்தியான பதில் இல்லை. 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், ஒருவரின் சம்மதம் இல்லாமல் இந்த மூளைப் பரிசோதனையோ நார்கோ பரிசோதனையோ பொய் கண்டறியும் கருவிச் சோதனையோ செய்யக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அது தன்னுரிமை பற்றிய தீர்ப்பு. அறிவியல் கேள்வியை அதற்கு முன்பே கீழ் நீதிமன்றத்தில் யாராவது எழுந்து கேட்டிருக்க வேண்டும். நம் மாணவர்களில் ஏழெட்டு வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

சட்டக் கல்லூரிகள் நடத்தும் 'லா ரிவ்யூ' வகை இதழ்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்துவது சட்டம் படிக்கும் மாணவர்கள். எந்தக் கட்டுரையை ஏற்பது என்று முடிவு செய்வதும் அவர்களே. அடிக்குறிப்புகளை ஒன்றுவிடாமல் சரிபார்ப்பார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் புள்ளியியல் சரியா என்று பார்க்க ஆள் இருப்பது அரிது. பேர் பெரிய பல்கலைக்கழகத்தின் பேர் என்பதற்காக அதில் வரும் உளவியல் கணக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

இனி போலி இதழ்கள். 2018இல் யுஜிசி தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே அடியாக நீக்கியது. அடுத்த ஆண்டு கேர் பட்டியல் வந்தது. 2025இல் அதையும் கைவிட்டு, பல்கலைக்கழகங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள். பட்டியல் போனதில் எனக்கு வருத்தமில்லை. பட்டியல் இருந்தால் யாரும் இதழைத் திறந்து பார்ப்பதில்லை. ஆனால் பார்க்கத் தெரியாத பிள்ளைகளைக் கூட்டத்தில் தனியே விட்ட மாதிரி ஆகிவிட்டது. 2013இல் 'சயின்ஸ்' இதழின் செய்தியாளர் ஜான் பொஹான்னன், வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்த ஒரு பொய்க் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. என் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு ஓர் இதழுக்கு அனுப்பினார், பேர் வேண்டாம். நான்கே நாளில் "ஏற்கப்பட்டது" என்று பதில், கூடவே கட்டண விவரம். இரண்டு பரிசீலகர்கள் நான்கு நாளில் படித்துக் குறிப்பு எழுதினார்களாம்! நான் ஒரு வகுப்பின் காலாண்டு விடைத்தாளைத் திருத்தவே பத்து நாள் எடுப்பேன்.

எனவே நான் தங்கை மகளிடம் சொன்னது இது. எண்ணைக் கடைசியில் பார். முதலில் அந்த இதழின் கடந்த இரண்டு வருட இதழ்களைத் திறந்து, உன் கேள்விக்குப் பக்கத்தில் இருக்கும் ஐந்து கட்டுரைகளைப் படி. உன் நெறியாளருக்கே புதிதாக ஏதாவது கிடைத்ததா? எத்தனை பேரை வைத்துச் செய்தார்கள், அவர்கள் யார்? அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்துப் போலி ஜூரியாக உட்கார வைத்த ஆய்வு என்றால், ஜூரியே இல்லாத நம் நாட்டுக்கு அதிலிருந்து என்ன எடுக்கலாம் என்று யோசி. திருத்தங்களும் மறுப்புக் கடிதங்களும் வந்திருக்கின்றனவா என்று தேடு. இருபது வருடமாக ஒரு திருத்தம்கூட வெளியிடாத இதழ் என்றால் எனக்குப் பயமாக இருக்கும். ஆசிரியர் குழுவில் பேர் இருக்கும் பேராசிரியர்கள் தங்கள் சொந்தப் பக்கத்தில் அதைச் சொல்லியிருக்கிறார்களா என்று பார். சொல்லவில்லையென்றால், அவருக்கே தெரியாமல் பேரைப் போட்டிருக்கலாம்.

'லா அண்ட் ஹியூமன் பிஹேவியர்' தவிர, பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் 'லீகல் அண்ட் கிரிமினாலஜிக்கல் சைக்காலஜி', அப்புறம் 'சைக்காலஜி, கிரைம் அண்ட் லா', 'பிஹேவியரல் சயின்சஸ் அண்ட் தி லா' ஆகியவை இந்தத் துறையில் நின்று நிலைத்தவை. அவற்றிலும் எல்லாக் கட்டுரையும் தங்கம் இல்லை. அங்கே நம் ஊர் ஆய்வுகள் வருவது மிகக் குறைவு என்பது எனக்குப் பெரிய குறை. நம்மிடம் அடையாள அணிவகுப்பை நடத்துவது மாஜிஸ்திரேட். சாட்சி சொல்வது தமிழில், பதிவாவது பல சமயம் வேறு நடையில். சம்பவம் நடந்து வருடங்கள் கழித்துத்தான் கூண்டில் ஏறுகிறார். அந்த இடைவெளியில் ஞாபகத்துக்கு என்ன ஆகிறது என்று வெளிநாட்டு இதழ் வந்து சொல்லாது. இங்கே இருக்கும் யாராவதுதான் எழுத வேண்டும். அப்படி எழுதுபவரை "எண் குறைவு" என்று தேர்வுக் குழு ஒதுக்கினால் அடுத்தவர் எழுத மாட்டார்.

கல்லூரித் தேர்வுக் குழுக்களில் இருக்கும் என் மாணவர்கள் மூன்று பேராவது இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அடுத்த நேர்காணலில் ஒருவரின் கட்டுரையில் ஒன்றையாவது முழுதாகப் படித்துவிட்டு உட்காருங்கள். எண்ணைக் கூட்டிப் பார்க்கும் நேரத்தில் பத்துப் பக்கம் படித்துவிடலாம்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "உங்கள் மதிப்புமிக்க கட்டுரையை வரவேற்கிறோம்" என்று மின்னஞ்சல் வந்து, கட்டணமும் கேட்டால், பணம் கட்டும் முன் எனக்கு ஒரு தடவை அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன். இரவு ஒன்பதுக்கு மேல் மட்டும் போன் வேண்டாம், உங்கள் டீச்சரம்மா சத்தம் போடுகிறார்.